நான்குக்குமா?

"நான்குக்குமா சார்?" என்று கேட்டார், அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தவர். "ஆமாம், அதுதான் இதன் வசதியே" என்று சொல்லிக்கொண்டே என்டரை அழுத்தினேன்.

டெர்மினேட்டர் என்ற, சர்வர்களுக்குக் கட்டளைகளைத் தட்டி அனுப்பும் முனைய மென்பொருளில் ஒரே சாளரத்தை நான்காகப் பிரித்து, ஓரிடத்தில் தட்டுவது எல்லாவற்றுக்கும் போகும்படி வைத்திருந்தேன். மூன்று பகுதிகளில் சோதனை சர்வர்கள். நான்காவதில், முந்தைய மாலை லாக் (செயல்பாட்டுப் பதிவு) பார்க்கத் திறந்து மூட மறந்த நேரலை சர்வர், அதாவது பயனர்கள் உண்மையிலேயே பயன்படுத்துவது. நான் அனுப்பியது ஒரு சேவையை நிறுத்தும் கட்டளை. நின்றுவிட்டது, நான்கிலும். சில நிமிடங்கள் கழித்துத்தான் கவனித்தேன்.

அந்தக் கேள்வியை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். எச்சரிக்கையாகவும் இருந்திருக்கலாம். வேலைக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒருவர், மூத்தவரிடம் அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வார்? ஆனால் உண்மையிலேயே வியந்துதான் கேட்டாரோ என்னவோ. நான் விசாரிக்கவில்லை.

வசதியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே கட்டளையைப் பத்து இடங்களில் தனித்தனியாக அடித்தால் ஏழாவதில் எழுத்துப்பிழை வரும். அந்த வகைத் தவறுகளையும் நிறையச் செய்திருக்கிறேன். காப்பும் இருக்கிறது: தட்டுகிற பகுதியின் தலைப்புப் பட்டை சிவப்பாகும், அதைப் பெறும் பகுதிகளின் பட்டைகள் நீலமாகும். அந்தப் பட்டைகளை மறைத்துவைத்திருந்தது நான்தான், பகுதிக்கு ஒரு வரி மிச்சமாகுமே என்று. 1978இல் வந்த விடி100 என்ற, திரையும் விசைப்பலகையும் கொண்ட பழைய முனையக் கருவியில் மொத்தமே 24 வரிகள். அங்கே ஒரு வரிக்குக் கணக்குப் பார்த்தால் நியாயம். என் திரையில் கால்வாசிப் பகுதியே அதைவிடப் பெரியது.

அறிக்கையில் "கட்டளை தவறான சர்வருக்கும் சென்றுவிட்டது" என்று எழுதினேன். தானாகவே நடந்து போனது போல. அந்தக் கேள்வியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதினால் அவர் பெயரும் இழுபடும் என்று அன்று நினைத்தேன். அது அவருக்காகவா, எனக்காகவா என்பதில் இப்போது சந்தேகம்.

பிறகு நேரலை சர்வர்களுக்கென்று கருஞ்சிவப்புப் பின்னணியில் டெர்மினேட்டரில் தனி புரொஃபைல் (தோற்ற அமைப்பு) அமைத்தேன். தலைப்புப் பட்டைகளையும் திரும்பக் கொண்டுவந்தேன். ஒரு மாதம் இருந்தன. இப்போது மறுபடி மறைத்துவிட்டேன். சிவப்புப் பின்னணி போதும் என்று தோன்றுகிறது.

அவர் மட்டும் நேரலை சர்வரை எப்போதும் தனிச் சாளரத்தில்தான் திறக்கிறார்.