தங்கை கல்யாணத்துக்கு நிறம் தேடினேன்: இதுவரையான குறிப்புகள்

நான்காவது வாரம்தான் விஷயம் புரிந்தது. ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்த அரக்கு நிறத் துணியை மாலை ஏழு மணிக்கு மண்டபத்தில் விரித்துப் பார்த்தால், மேசை மேல் கறுப்புத் துணி கிடப்பது போல இருந்தது. பக்கத்தில் வைத்த சந்தன நிற விரிப்பு லேசாகப் பச்சை தட்டியது. பகலில் கடை வாசலில் நின்று பார்த்தபோது கண்ணைப் பறித்த ஜோடி அது. அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைத் தொடங்கினேன்.

வாரம் 1 முதல் 3 வரை

"அக்கா, நிறம், மேசை அலங்காரம், தோழிகளோட டிரெஸ், மூணையும் நீயே பாத்துக்கோ" என்று தங்கை சொன்னபோது மறுபேச்சு இல்லாமல் தலையாட்டினேன். மாலை வரவேற்பு, 80 பேர், 10 வட்ட மேசைகள், 4 தோழிகள். தையல் எனக்குக் கைவந்த வேலை. துணிக்குச் சாயம் போடுவதும் கொஞ்சம் தெரியும். பூ வேலைக்கு மட்டும் புதிது.

முதல் இரண்டு வாரம் படம் சேர்ப்பதிலேயே போனது. நூற்றுக்கு மேல் சேர்ந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பரப்பிப் பார்த்தேன். எனக்குப் பிடித்த படங்களில் பாதிக்கு மேல் சாயங்கால வெயிலில் எடுத்தவை. நான் மயங்கியது அந்த வெளிச்சத்துக்கு, நிறத்துக்கு அல்ல. அதோடு படம் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கைக்குட்டை அளவில் துணித்துண்டுகள் வாங்க ஆரம்பித்தேன்.

அந்தத் துண்டுகளுக்குப் பெயர் வைத்தது பெரிய உதவியாக இருந்தது. 'சிவப்பு' என்று சொன்னால் ஆளுக்கு ஒரு நிறம் மனதில் வரும். அரக்கு, குங்குமம், மாதுளை, செங்கல் என்று பிரித்துச் சொன்னால் தையல்காரரும் பூக்காரரும் தோழிகளும் ஒரே நிறத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். வெள்ளைப் பக்கத்திலும் அப்படித்தான்: தந்தம், சந்தனம், வைக்கோல், பால் வெள்ளை. நம் மொழியில் நிறத்துக்கு இத்தனை பெயர் இருப்பது வேலைக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்று இப்போதுதான் உணர்ந்தேன்.

அளவு பிரிக்க, உள்அலங்காரம் செய்பவர்கள் சொல்லும் 60-30-10 கணக்கை எடுத்துக்கொண்டேன். பெரிய பங்கு சந்தனம், அடுத்தது அரக்கு, சிறு பங்கு மங்கிய பொன். இதில் ஒன்றை விட்டுவிட்டேன். பூ வைத்தால் இலை வரும், இலை வந்தால் பச்சை வரும். பத்து மேசைக்கும் சேர்த்தால் அது சின்னப் பங்கே இல்லை. நிறப்பட்டியல் போடும்போதே இலைப்பச்சைக்கு ஓர் இடம் ஒதுக்கிவிட வேண்டும். பிறகு பொன்னைக் குறைத்து அந்த இடத்தைப் பச்சைக்குக் கொடுத்தேன்.

வாரம் 4: மண்டபத்தில் இரண்டு மாலைகள்

அரக்கு ஏன் கறுத்தது? வெளிச்சம் குறையக் குறைய நம் கண் வேறு வகைச் செல்களை நம்பிப் பார்க்கத் தொடங்கும். அவற்றுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. அதனால் மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு முதலில் இருண்டுவிடும், நீலமும் பச்சையும் தாக்குப்பிடிக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதிய செக் நாட்டு அறிஞரின் பெயரால் இதைப் புர்கின்யே விளைவு என்கிறார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் வரவேற்பு வைக்க நினைக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். ஆழமான சிவப்பு, ஆழமான ஊதா இரண்டையும் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சந்தனம் பச்சை தட்டியதற்குக் காரணம் வேறு. பாரிஸில் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பிரிவுக்கு வேதியியலாளர் ஷெவ்ரல் பொறுப்பாக இருந்தபோது, அங்கே சாயமிட்ட கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை அப்படிக் காட்டின. 1839-இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். ஒரு நிறம் தன் எதிர் நிறத்தின் சாயலைப் பக்கத்து நிறத்தின் மேல் ஏற்றிவிடும். சிவப்புக்கு எதிர் பச்சை. அரக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சந்தனம் பச்சை தட்டியது அதனால்தான். தீர்வு எளிது: லேசாக ரோஜாச் சாயல் ஓடும் சந்தனம். தனியாகப் பார்த்தால் கொஞ்சம் இளஞ்சிவப்பாகத் தோன்றும். அரக்கோடு சேர்த்து வைத்ததும் அசல் சந்தனமாகிவிடுகிறது.

இரண்டாவது மாலை இன்னொன்று தெரிந்தது. கடையில் அச்சு அசலாகப் பொருந்திய ரிப்பனும் துணியும் மண்டப பல்பின் கீழ் வெவ்வேறு நிறமாக நின்றன. இரண்டுக்கும் போட்ட சாயம் வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு சாயங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடலாம். மண்டபத்தில் எரிவது 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் பல்பு, கடையில் எரிந்தது பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை விளக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டையும் வீட்டில் 2700 கெல்வின் பல்பு ஒன்றின் கீழ்தான் பார்க்கிறேன். நிறங்களை எவ்வளவு அசலாகக் காட்டும் என்பதைச் சொல்ல, சி.ஆர்.ஐ. என்று பெட்டியில் போட்டிருக்கும் எண் 90-க்கு மேல் உள்ள பல்பாகப் பார்த்து மேசைகளுக்கு மேலே கூடுதலாகத் தொங்கவிடவும் மண்டபத்தில் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். இந்த ஒரு மாற்றத்தில் சிவப்புக்கு உயிர் வந்தது.

கடைசியில் அரக்கிலிருந்து ஒரு படி மேலேறி மாதுளை நிறத்துக்கு வந்தோம். இரவு மண்டபத்தில் அது அரக்காகத் தெரிகிறது. தங்கைக்கு வேண்டியதும் அதுதான்.

வாரம் 5 முதல் 7 வரை: தோழிகளின் ஆடை

நால்வரும் நான்கு உடல்வாகு, நான்கு தோல் நிறம். ஒரே வெட்டில் நான்கு ஆடை தைத்தால் ஒருத்திக்கு அழகாகவும் மூன்று பேருக்குச் சுமாராகவும் அமையும். அதனால் துணியும் நீளமும் ஒன்று, கழுத்தும் கையும் அவரவர் விருப்பம் என்று முடிவு செய்தோம். உட்கார்ந்து, கையைத் தூக்கி, குனிந்து, நடந்து காட்டச் சொல்லித்தான் ஒவ்வொன்றையும் உறுதி செய்தேன்.

துணி பாலியெஸ்டர் ஷிஃபான். உள்ளே லைனிங் இல்லாமல் அதை உடுத்த முடியாது. அந்த லைனிங்தான் வெளி நிறத்தைத் தீர்மானிக்கிறது என்பது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம். அதே மாதுளை ஷிஃபானை வெள்ளை மேல் வைத்தால் பன்னீர் ரோஜா போல வெளுக்கிறது. தோல் நிற லைனிங் மேல் வைத்தால் செங்கல் பக்கம் போகிறது. அதே நிறத்தில் ஒரு படி ஆழமான லைனிங் மேல் வைத்தால் துணிக்குள்ளிருந்து நிறம் எழுந்து வருகிறது. மூன்றையும் பல்பின் கீழ் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டு அன்று தூங்கவே நேரமாகிவிட்டது. ஆழமான லைனிங்கையே எடுத்தேன்.

ஷிஃபான் தைக்கும்போது வழுக்கும், ஊசி இழுக்கும். அடியில் மெல்லிய டிஷ்யூ காகிதம் வைத்துத் தைத்து, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட்டேன். மிக நைசான புது ஊசி அவசியம். ஓரம் பிரியாமல் இருக்க இரட்டைத் தையல்: முதலில் வெளிப்பக்கம், பிறகு திருப்பி உள்பக்கம். மூலைவாட்டில் வெட்டிய பாவாடைப் பகுதியை ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிட்ட பிறகுதான் அடி மடித்தேன். தொங்கத் தொங்கத் துணி இறங்கும். ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் இறங்கியிருந்தது.

ஏழாவது வாரம் ஒரு சறுக்கல். கணக்கில் மூன்று மீட்டர் குறைந்தது. அதே கடையில் அதே எண் சொல்லி வாங்கியும் வந்த துணி ஒரு சாயல் ஆழமாக இருந்தது. ஒவ்வொரு முறை சாயம் காய்ச்சும்போதும் சின்ன வித்தியாசம் வருவது இயல்பு. முதலிலேயே ஒரே சுருளிலிருந்து தாராளமாக, மிச்சமாகவே வெட்டி வாங்கியிருக்க வேண்டும். அந்தத் துணியை ஏற்கெனவே தைத்த ஆடையோடு ஒட்டினால் அது ஒட்டுப்போட்டதாகத்தான் தெரியும். அதனால் நான்காவது ஆடையை முழுவதுமே அந்த ஆழமான துணியில் தைத்து, இரண்டாவது ஆடைக்கு மட்டும் லைனிங்கை மாற்றினேன். இப்போது நால்வரும் வரிசையாக நின்றால் இளம் மாதுளையிலிருந்து அரக்கு வரை நிறம் இறங்குகிறது. நான் முதலில் வரைந்து வைத்ததைவிட இதுதான் அழகு.

தோழிகளில் ஒருத்திக்குக் கத்திரிப்பூ நிறத்தின் மேல் தீராத ஆசை. அந்த நிறத்துக்குக் கல்யாண வரலாறும் உண்டு. வில்லியம் பெர்கின் 1856-இல் தன் 18-ஆம் வயதில் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் போய்த் தற்செயலாகக் கண்டெடுத்த செயற்கைச் சாயத்தின் நிறம் அது. 1858-இல் விக்டோரியா ராணி தன் மூத்த மகளின் கல்யாணத்துக்கு அந்த நிறத்தில்தான் உடுத்தினார். அவளுக்காக ஒரு துண்டு வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் குறைவு என்பதால் சாம்பல் படிந்துவிட்டது. அதனால் பகலில் வெளியே படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் அவள் கையில் அந்த நிறப் பூங்கொத்து. அவளுக்கும் அதில் திருப்தி.

வாரம் 8, 9: மேசை

வாடகைக்கு வந்த மேசை விரிப்பு பளீர் வெள்ளை. மாதிரிக்கு ஒன்றை விரித்து அதன் மேல் தங்கையின் தந்த நிற ஆடைத் துண்டை வைத்தேன். ஆடை அழுக்காகத் தெரிந்தது. பளீர் வெள்ளைத் துணிகளில் சேர்க்கும் வெண்மையூட்டி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். அதற்குப் பக்கத்தில் எந்த இயற்கை வெள்ளையும் தோற்றுப்போகும். விரிப்புகளைச் சந்தனத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.

அளவு: மேசை 5 அடி விட்டம், அதாவது 60 அங்குலம், உயரம் 30 அங்குலம். விரிப்பு தரையைத் தொட வேண்டுமானால் 60-உடன் இரண்டு பக்கமும் 30 சேர்த்து 120 அங்குலம். எங்களுக்குக் கிடைத்தது 108, தரைக்கு ஆறு அங்குலம் மேலே நிற்கும். யார் காலிலும் சிக்காது என்பதால் அதையே வைத்துக்கொண்டோம். எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு இருபத்து மூன்றரை அங்குலம் வருகிறது. ஒன்பதாவது நாற்காலி வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

நடு அலங்காரத்தின் உயரத்தை அட்டைப்பெட்டியை வெட்டி அடுக்கித்தான் பார்த்தேன். தங்கை எதிரே உட்கார்ந்து பேச, நான் பெட்டியை ஏற்றி ஏற்றி வைத்தேன். 12 அங்குலம் வரை முகம் முழுதாகத் தெரிகிறது. 14-ஐத் தாண்டியதும் வாய் மறைந்து, பேச்சே குறைந்துவிடுகிறது. அப்புறம் 24-க்கு மேல் மெல்லிய தண்டில் உயர்த்தினால் மறுபடி சரியாகிவிடுகிறது. ஏழு மேசைக்குத் தாழ்வு, மூன்று மேசைக்கு உயரம்.

பூ குத்தும் பச்சை நுரைக்கட்டி வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்தேன். அது பிளாஸ்டிக், மக்காமல் பொடிப்பொடியாக உதிரும். பதிலாகக் கோழிவலையைப் பந்தாகச் சுருட்டிக் கிண்ணத்துக்குள் வைத்தேன். தண்டு நன்றாக நிற்கிறது, கழுவித் திரும்பவும் எடுக்கலாம். முதல் சோதனையில் கார்னேஷன் ஒரே நாளில் சுருண்டுவிட்டது. பழக்கூடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு அந்தப் பூவுக்கு ஆகாது. இரண்டாவது சோதனையில் தண்டைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலையை எல்லாம் கிள்ளி, இரவு முழுக்கக் குளிர்ந்த இருட்டறையில் விட்டு மறுநாள் அடுக்கினேன். மூன்று நாள் தலை சாயவில்லை.

வாரம் 10: நாப்கின்

80 பருத்தி நாப்கினுக்கும் நானே சாயம் போடுகிறேன். பருத்திக்கான சாயத்தோடு சலவைச் சோடா. முதலில் நன்றாக அலசி, துணியில் உள்ள கஞ்சியைப் போக்காவிட்டால் திட்டுத் திட்டாக வரும். ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்தால் வெளுக்கும், அதனால் வேண்டியதைவிட ஒரு படி ஆழமாகவே எடுக்க வேண்டும். எதிர்பாராத அழகு ஒன்றும் அமைந்தது. ஓரம் தைத்த நூல் பாலியெஸ்டர் என்பதால் பருத்திச் சாயத்தை வாங்கவே இல்லை. மாதுளை நாப்கினைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடாக அப்படியே நிற்கிறது. தனியாகப் பூவேலை செய்ய நினைத்திருந்தேன், இனி வேண்டாம்.

இப்போது

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. நான்கு ஆடையும் முடிந்து உறைக்குள் தொங்குகின்றன. நாப்கினில் 52 காய்ந்துவிட்டது, 28 பாக்கி. மாதிரி மேசை ஒன்றை முழுதாக அடுக்கித் தங்கையை உட்கார வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தவள், "இந்த மெழுகுவத்தி மட்டும் கண்ணுக்கு நேரா வருது அக்கா" என்றாள். உட்கார்ந்து பார்த்தேன், சரிதான். உயரம் குறைந்த கண்ணாடிக் கிண்ணங்கள் சிலவற்றை இரவல் வாங்கியிருக்கிறேன். நாளை மாலை ஏழு மணிக்கு மண்டபத்துக்கு எடுத்துப் போகிறோம்.