இருட்டோடே வாசிக்கும் தாள்

ஈஸ்டர் ஆராதனையின் ஒழுங்கை வரிசையாக அச்சிட்டுக் கொடுக்கும் முறைமைத் தாளைத் தயாரிக்கும் பொறுப்பு என் கைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திருநெல்வேலிச் சீமையில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சிறிய சபை எங்களுடையது. மற்ற ஞாயிறுகளில் பாடல் எண்களைப் பலகையில் எழுதி வைத்தாலே போதும். முறைமை எல்லாருக்கும் மனப்பாடம். ஈஸ்டர் அன்று நிலைமை வேறு. சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருப்பார்கள். வேறு சபைகளிலிருந்து மருமகளாகவும் மருமகனாகவும் வந்தவர்கள் இருப்பார்கள். ஆண்டுக்கு அந்த ஒரு நாள் மட்டும் கோயிலுக்கு வருகிறவர்களும் இருப்பார்கள். எப்போது எழுந்து நிற்க வேண்டும், எந்த இடத்தில் மறுமொழி சொல்ல வேண்டும் என்று பக்கத்திலிருப்பவரைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் கூச்சம் அவர்களில் ஒருவருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தாள்.

முதல் ஆண்டு நான் செய்ததை இப்போது எடுத்துப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அழகாக இருக்க வேண்டும் என்பதற்கே முழுக் கவனத்தையும் கொடுத்திருந்தேன். ஊதா நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து, பக்க ஓரமெல்லாம் பூவேலை. எங்கள் ஆராதனையோ அதிகாலை நாலரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டு கோயிலுக்குள் வருவோம். தாள்களை வாசலில் நின்று கொடுத்துக்கொண்டிருந்த, கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளை, ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அக்கா, பகல்ல வாசிக்கதுக்குல்லா செஞ்சிருக்கிய” என்றார். அவர் சொன்னது சரி. “இருட்டோடே” மகதலேனா மரியாள் கல்லறைக்கு வந்தாள் என்றுதான் யோவான் எழுதிய சுவிசேஷமும் சொல்கிறது. அந்த இருட்டில்தான் எங்கள் தாளும் முதலில் பிரிக்கப்படுகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. இதில் இன்னொரு பிழையும் இருந்தது. ஊதா, லெந்து நாட்களின் நிறம். ஈஸ்டருக்குப் பீடத்தில் வெள்ளை விரித்திருக்கும்போது, மக்கள் கையில் மட்டும் தபசு கால நிறத்தைக் கொடுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு முதல் பக்கத்துக்கு என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசிக்கக்கூடியது மட்டுமே அதில் இருக்கும். பதினெட்டுப் புள்ளி (பாயிண்ட்) எழுத்தளவில், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில், “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று குருவானவர் சொல்லும் வாழ்த்தும், “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்ற சபையாரின் மறுமொழியும், ஒரு குறுஞ்ஜெபமும் இருக்கும், வேறெதுவும் இல்லை. பவனியில் பாடும் பாட்டு எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்ததாகவே இருக்க வேண்டும் என்று பாடகர் குழுவிடம் கேட்டுக்கொள்கிறோம். ஒரு கையில் மெழுகுவர்த்தியும் மறு கையில் பிள்ளையும் வைத்திருக்கிற தாய் தாளைப் புரட்டமாட்டாள்.

முறைமையில் எது எங்கே வரவேண்டும் என்பது இதைவிட நுணுக்கமான காரியம். லெந்து நாட்களில் எங்கள் சபையில் அல்லேலூயா பாடுவதில்லை. நாற்பது நாளும் ஞாயிறுகளும் கடந்து, ஈஸ்டர் அதிகாலையில்தான் அந்தச் சொல் திரும்பி வருகிறது. ஒரு முறை நான் அதைத் தாளின் அட்டையிலேயே பெரிதாக அச்சிட்டுவிட்டேன். எங்கள் சேகரத்தில் குருவானவராக ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஐயர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், “இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சொல்லை வாசலிலேயே கொடுத்துவிட்டாயே, அம்மா” என்றார். அன்றுமுதல் அந்தச் சொல்லை இரண்டாம் பக்கத்தின் தலைப்பில் வைக்கிறேன். கல்லறைத் தோட்டத்து ஜெபம் முதல் பக்கத்தோடு முடிகிறது; கோயிலுக்குள் வந்து, விளக்குகள் போடப்பட்டு, தாளைத் திருப்பினால் அங்கே அது இருக்கிறது. முந்நூறு, நானூறு பேர் ஒரே நேரத்தில் பக்கம் திருப்பும் சத்தத்தையும், அதைத் தொடர்ந்து எழும் பாட்டையும் கேட்ட பிறகு, பக்கத்தை எங்கே முறிப்பது என்பதை அச்சகத்தின் வசதிக்கு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

வேதபாடத்தை முழுமையாக அச்சிடுகிறோம். காகிதம் வீண் என்று சிலர் சொல்வதுண்டு, நான் ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் சபையார் கையில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து வருகிற உறவினர்களுக்குப் பழக்கமானது 1995-இல் வெளிவந்த திருவிவிலியம். ஒருவருக்கு மகதலேனா மரியாள், இன்னொருவருக்கு மகதலா மரியா. கைப்பேசியில் வைத்திருப்பவர்களிடம் இன்னும் சில மொழிபெயர்ப்புகள் உண்டு. அந்தக் காலையில் எல்லார் கண்ணும் ஒரே வரியில் இருக்க வேண்டும். யோவான் 20-ஆம் அதிகாரத்தின் முதல் பதினெட்டு வசனங்களை எடுத்தால், அச்சிட்ட வேதாகமத்தில் அவை நெருக்கமான பத்திகளாக ஓடும். தாளில் நான் அவற்றை வாசிப்பின் மூச்சுக்கு ஏற்றபடி பிரிக்கிறேன். இயேசுவைத் தோட்டக்காரன் என்று எண்ணி மரியாள் பேசும் வரிகள் சேர்ந்தே போகும். அதன்பின் “மரியாளே” என்ற அந்த ஒரு சொல் தனி வரியில் நிற்கும். அடுத்த வரியில் “ரபூனி”, அதாவது போதகரே. மேலும் கீழும் ஒவ்வொரு வரி வெற்றிடம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாத்திரத்தில் அவள் அவரை அறிந்துகொண்டாள். அதை வாசிக்கிறவர் அந்த இடத்தில் நிற்காமல் போய்விடக்கூடாது. இந்த வெற்றிடம் விட்ட ஆண்டில்தான், பாடம் வாசித்த கல்லூரிப் பெண் அந்தச் சொல்லுக்கு முன் உண்மையாகவே நின்றாள். கோயிலே அசையாமல் இருந்தது.

எழுத்துகளைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுதலாம். தமிழ் எழுத்துக்குப் பத்துப் புள்ளி போதாது; வயதானவர்கள் மிகுந்த சபைக்குப் பதின்மூன்றுக்குக் கீழே போகக்கூடாது என்பது என் அனுபவம். சபையாரின் மறுமொழியைத் தடித்த எழுத்தில் போடுவது வழக்கம். ஆனால் சிறிய அளவில் தடித்த எழுத்தை அச்சிட்டால் ண, ணை, இ போன்றவற்றின் சுழிகள் மையில் அடைபட்டுப் போகின்றன. ஆகையால் மிதமான தடிப்பில், வரியைச் சற்று உள்ளே தள்ளிப் போடுகிறேன். சாய்வெழுத்து தமிழுக்கு இயல்பானதல்ல. அதை எந்த இடத்திலும் பயன்படுத்துவதில்லை. தரங்கம்பாடியில் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிவதற்குள், ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதம் போதாமல், அங்கேயே சிறிய எழுத்துகளை வார்க்க வேண்டியதாயிற்று. எழுத்தின் அளவுக்கும் காகிதத்தின் அளவுக்கும் நடுவிலான இந்த இழுபறி நமக்கு முந்நூறு ஆண்டுப் பழக்கம். எங்கள் கணக்கு எளிது: ஏ4 தாளை மடித்தால் நான்கு பக்கம், இரண்டு தாள் என்றால் எட்டுப் பக்கம், இடையில் ஆறு என்பது கிடையாது. எட்டில் அடங்காவிட்டால் எழுத்தைச் சுருக்குவதில்லை, ஒரு பாட்டைக் குறைக்கிறோம்.

மெய்ப்புப் பார்க்கும்போது கணினியை நம்ப முடியாது. விசுவாசப்பிரமாணத்தில் “பாதாளத்தில் இறங்கினார்” என்பது ஒரு முறை “இரங்கினார்” என்று அச்சாகிவிட்டது. இரண்டுமே சரியான தமிழ்ச் சொற்கள் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் அதைப் பிடிக்கவில்லை. அதேபோல்தான் “மரித்தோர்” என்பது “மறித்தோர்” ஆவதும். செத்தவர்களிடத்திலிருந்து எழுந்தவர், வழிமறித்தவர்களிடத்திலிருந்து எழுந்தவராகிவிடுகிறார். இப்போதெல்லாம் ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் ரகரத்தையும் றகரத்தையும் மட்டும் கவனித்துக்கொண்டே வருகிறோம்.

அட்டை விஷயத்தில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். ஐந்தாம் ஆண்டு, “உயிர்த்தெழுந்தார்” என்ற சொல்லை அட்டையில் பெரிதாக வைத்து, வண்ண அச்சுக்காக நகரத்து அச்சகம் ஒன்றில் கொடுத்தோம். நாங்கள் அனுப்பியது எழுத்துரு பதிக்காத திறந்த கோப்பு. அவர்களுடைய மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோர்ப்பு அமைக்கப்பட்டிருக்கவில்லை. சனிக்கிழமை மாலை கட்டைப் பிரித்தபோது, நானூறு அட்டைகளிலும் “தெ” உடைந்து, தகரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னால் போய் நின்றது. அழுதேவிட்டேன். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து, ஒவ்வொரு தாளிலிருந்தும் கம்பியைப் பிரித்து அட்டையை எடுத்துவிட்டு மறுபடியும் பின் அடித்தார்கள். மறுநாள் ஆராதனை அட்டையில்லாமலே நடந்தது. ஒருவரும் அதைக் கேட்கவில்லை, பாட்டிலும் மறுமொழியிலும் ஒரு குறையும் இல்லை. அட்டைக்காக நான் செலவிட்ட நேரத்தில் பாதியை அதன்பின் உள்பக்கங்களுக்கு மாற்றிக்கொண்டேன். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்த பிடிஎஃப் தவிர வேறெதையும் வெளியே அனுப்புவதுமில்லை.

ஆனாலும் அட்டை வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: வெள்ளை லில்லிப் பூ, மலைமேல் மூன்று சிலுவை, கல்லறைக்குள்ளிருந்து பாயும் வெளிச்சம், சிலவற்றில் முட்டையும் முயலும். லில்லி ஐரோப்பிய, அமெரிக்கக் கோயில்களின் ஈஸ்டர் பூ. அவர்களுக்கு அதில் அர்த்தம் உண்டு. எங்கள் ஊர்ப் பெண்கள் அன்று கல்லறைகளில் வைப்பது மல்லிகையும் செவ்வந்தியும். உரிமை பெறாத படங்களை எடுத்துப் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. பாட்டுகளுக்கும் அதே விதிதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தவர். அவருடைய கீர்த்தனைகளைத் தயங்காமல் அச்சிடலாம். இன்று வாழும் ஒருவரின் பாட்டென்றால் அனுமதி கேட்டு எழுதுகிறோம். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு கொடுக்கிறார்கள்.

கடைசியில் எங்களுக்கு அமைந்த அட்டை, உடைந்துபோன அதே சொல்தான். “உயிர்த்தெழுந்தார்” என்பதில் ஒன்பது எழுத்துகள். அவற்றில் நான்கின்மேல் புள்ளி. சித்திரம் வரையும் ஒரு பையன், எழுத்துகளைக் கருநீலத்திலும் அந்த நான்கு புள்ளிகளை மட்டும் மஞ்சளிலும் வரைந்து கொண்டுவந்தான். விடியுமுன் வானத்தில் மிஞ்சியிருக்கும் வெள்ளிகளைப் போல அவை இருந்தன. முதலில் தங்க நிறம்தான் கேட்டோம். சாதாரண அச்சில் தங்கம் கடுகு நிறமாகவே விழுகிறது. ஆகவே மஞ்சளோடு நிறுத்திக்கொண்டோம். பளபளப்பான தாளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். குழல்விளக்கு அதில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது, மெழுகு சொட்டினால் வழுக்குகிறது. எண்பது ஜிஎஸ்எம் எடையில், பளபளப்பில்லாத மேப்லித்தோ தாள் போதும். அதைவிட மெல்லியதானால் பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரியும்.

கடைசிப் பக்கத்துக்குத்தான் ஒவ்வொரு ஆண்டும் போட்டி. உபயம் செய்தவர்களின் பெயர்ப் பட்டியல், கட்டட நிதிக் கணக்கு, அசன விருந்து அறிவிப்பு எல்லாவற்றையும் அங்கே போடச் சொல்வார்கள். அவற்றைத் தனித் துண்டுத்தாளில் போட்டு அடுத்த ஞாயிறு கொடுக்கலாம் என்று கமிட்டியில் பேசிப் பேசி இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் கடந்த ஈஸ்டருக்குப் பின் சபையில் மரித்தவர்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன, வயதும் பட்டமும் இல்லாமல்.

நானூறில் முப்பது பிரதிகளை மட்டும் தனியாக அச்சிடுகிறோம். அவை படுக்கையில் இருக்கிறவர்களுக்கும், கோயில் வரை நடக்க முடியாதவர்களுக்கும் உரியவை. பதினாறு புள்ளி எழுத்து, பன்னிரண்டு பக்கம். சனிக்கிழமையே வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். நாலரைக்கு மணி அடித்ததும் அவர்கள் வீட்டிலிருந்தே மறுமொழி சொல்வார்கள். அந்தப் பிரதிகளில் வேதபாடம், பாட்டு, ஜெபம் எல்லாம் மற்றவற்றில் உள்ளபடியே இருக்கும். “எழுந்து நிற்கவும்” என்ற குறிப்பை மட்டும் எடுத்துவிடுகிறேன்.