வாய்மொழித் தேர்வில் என்னைத் திணறடித்த அலுமினியத் துகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்கு, இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பாக, ராக்கெட்டைச் செலுத்தும் அலுமினியம் கலந்த திண்ம உந்துபொருளின் எரிதல் வந்து வாய்த்தது. இத்துறைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்பதால், நான் சறுக்கிய இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் மூன்று மாதங்கள் சமன்பாட்டையே கட்டிக்கொண்டிருந்தேன். எரிவீதம் அழுத்தத்தின் அடுக்காக உயரும், அடுக்கெண் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 வரை இருக்கும் என்று மனப்பாடமாகச் சொல்வேன். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கேட்டதோ வேறு: "அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகிவிடுகிறதே, பிறகு ஏன் உடனே தீப்பற்றுவதில்லை?" எனக்கு வாயடைத்துப் போயிற்று.

விடை துகளின் மேலேயே இருந்தது. ஒவ்வொரு துகளையும் சில நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினா (அலுமினிய ஆக்சைடு) ஓடு மூடியிருக்கிறது. அதன் உருகுநிலை ஏறத்தாழ 2,070 டிகிரி. உள்ளே உலோகம் உருகி விரிந்து ஓட்டைக் கீறினாலும், கசிந்தது உடனே ஆக்சைடாகிக் கீறலை அடைத்துவிடும். ஆகவே மைக்ரான் அளவுத் துகள்கள், பெரும்பாலும் அந்த ஓடே உருகும் வெப்பநிலையை நெருங்கிய பிறகுதான் முழுமையாகப் பற்றிக்கொள்கின்றன.

அன்று முதல், சமன்பாட்டை ஒதுக்கிவிட்டு, ஒரு துகளை உந்துபொருளின் உள்ளிருந்து, வாயு வெளியேறும் வாயாகிய நாசில் வரை பின்தொடர்ந்து படித்தேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் திண்ம உந்திகளில் எரிய ஆக்சிஜன் தரும் உப்பாகிய அமோனியம் பெர்குளோரேட் ஏறத்தாழ 70 விழுக்காடும் அலுமினியம் 16 விழுக்காடும் இருந்தன. எஞ்சியதில் பெரும்பகுதி பிணைப்பானாகிய செயற்கை ரப்பர். (பால்மரம் வெட்டிய அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ரப்பரை எரிக்கவா இவ்வளவு படிப்பு?" என்றார்.) பெரிய பெர்குளோரேட் படிகங்களுக்கு இடையிலுள்ள பொந்துகளில் ரப்பரோடு அலுமினியத் துகள்கள் அடைந்து கிடக்கின்றன. எரிபரப்பு பின்வாங்கும்போது ரப்பர் ஆவியாகிப் போக, துகள்கள் மட்டும் பரப்பில் தங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்து, பிறகு உருகி ஒரே துளியாகத் திரண்டு, வாயு ஓட்டத்தில் மேலெழுகின்றன. 20, 30 மைக்ரான் துகள்கள் சில நூறு மைக்ரான் துளியாவது இப்படித்தான்.

இந்தத் திரள்வு எனக்குப் புரிந்தது நூலகத்தில் அல்ல, அப்பா வேலை செய்த செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில்தான். நாரும் கோதும் எரியும் பாய்லரில் சாம்பல் முதலில் ஒட்டி, பிறகு இளகி, கல்லாக இறுகுவதை அவர் நீண்ட கம்பியால் குத்தி எடுப்பார். அங்கே திரள்வது சாம்பல், இங்கே உலோகம். ஆனால் ஒட்டுவது முதலில், உருகிச் சேர்வது பிறகு என்ற வரிசை ஒன்றுதான்.

துளி பெரிதானால் எரிந்து முடியக் கூடுதல் நேரம் வேண்டும். நாசிலுக்குள் வாயுவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கி, உந்துவிசையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மோட்டாருக்குள் கசடாகவும் தேங்கும். ஆயினும் அலுமினியத்தைப் பழிக்க மாட்டேன்: அது சுடரின் வெப்பத்தை உயர்த்துகிறது, நுண்ணிய அலுமினாத் துளிகள் அழுத்த அதிர்வுகளையும் தணிக்கின்றன. 1970இல் வெளிவந்த பெக்ஸ்டெட், டெர், பிரைஸ் ஆகியோரின் எரிதல் கணித மாதிரியைப் படிப்போர், அது பெர்குளோரேட்டின் சுடர்களுக்கானது என்பதை மறக்க வேண்டாம்; அதை அலுமினியத்துக்கு அப்படியே பொருத்தி நான் ஒரு மாதம் வீணாக்கினேன்.

சோதனைக்கூடத்தில் இன்னொரு தவறும் செய்தேன். நைட்ரஜன் அழுத்தத்தில், கண்ணாடிச் சாளரமுள்ள கலனில் எரிந்த உந்துபொருள் துண்டை அதிவேகக் கேமராவில் எடுத்து, ஒளிர்ந்த வட்டங்களை அளந்து துளியின் விட்டம் என்று எழுதிவிட்டேன். அலுமினியம் பெரும்பாலும் ஆவியாகி எரிவதால், சுடர் துளியைவிட்டுச் சற்று விலகி நிற்கிறது. நான் அளந்தது சுடரின் உறையை. பின்னாலிருந்து வலுவான ஒளி பாய்ச்சி, துளியின் நிழலுருவை மட்டும் பிடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க ஆறு வாரங்கள் ஆயின.