என்ன மிஷின் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு

மரம் வெட்டுகிற வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் ஆட்கள் முதலில் கேட்பது என்ன செயின்சா வாங்கலாம் என்றுதான். எத்தனை சிசி, எத்தனை அங்குல பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு), பெட்ரோலா பேட்டரியா என்று போகும் பேச்சு. மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அடியில் பொந்து விழுந்திருக்கிறதா, பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்பதில் பேச்சை ஆரம்பிக்கிறவர் அபூர்வம். இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டதைச் சொன்னால், இந்த வேலையில் ஆளைக் கவிழ்ப்பவை மரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற இரண்டு விஷயங்கள்: விசையும் தண்ணீரும். வெட்டும்போது விசை, எரிக்கும்போது தண்ணீர்.

இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. கிளை கழிக்கவும் விறகு துண்டு போடவும் 35 முதல் 45 சிசி வரை உள்ள மிஷின், 14 அல்லது 16 அங்குல பார், இது பெரும்பாலானவர்களுக்குப் போதும். பெரிய மிஷின் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பார்கள், அரைநாள் கழித்துக் கை ஓய்ந்து போய்ப் பாரின் முனை தரையில் இடிக்க ஆரம்பிக்கும்போதுதான் எடை என்றால் என்னவென்று புரியும். சின்ன வேலைக்குப் பேட்டரி மிஷின் நல்லதுதான், புகை கிடையாது, பெட்ரோல் கெட்டுப்போகிற கவலையும் கிடையாது. ஆனால் சத்தம் போடாமல் இருப்பதால் அதை விளையாட்டுச் சாமான் போலக் கையாளுகிறார்கள். டிரிக்கரில் விரல் பட்டால் ஓடுவது அதே மாதிரி செயின்தான், அதே மாதிரிதான் வெட்டும். செயினைத் தொடுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

எந்த மிஷினாக இருந்தாலும் செயின் மழுங்கியிருந்தால் அது இரும்புக் கட்டைதான். வெட்டும்போது கீழே விழுவதைப் பாருங்கள். சிராய் சிராயாக, தட்டையான துண்டுகளாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது. மாவு மாதிரி தூள் பறந்தால், நீங்கள் மிஷினை அழுத்த ஆரம்பித்திருந்தால், நிறுத்தி அரம் எடுக்க வேண்டிய நேரம். அரத்தின் தடிமன் செயினுக்குச் செயின் மாறும். சின்ன மிஷின்களில் வருகிற தாழ்வான செயினுக்கு 4 மில்லிமீட்டர், கொஞ்சம் பெரியதில் 4.8, அதற்கும் மேல் 5.2 அல்லது 5.5. செயின் வந்த டப்பாவிலேயே போட்டிருப்பான், கோணமும் சேர்த்து, பெரும்பாலும் 30 டிகிரி. பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஒரே திசையில் தள்ளி, திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்ப்பவர்கள் அரத்தைத்தான் மழுக்குகிறார்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்ப்பு. வலது கைக்காரருக்கு ஒரு பக்கத்துப் பல் நன்றாக அமையும், மறுபக்கம் அரைகுறையாகப் போகும். அந்தச் செயினை வைத்து அறுத்தால் வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும், மிஷின் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள்.

பல்லுக்கு முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கும், அதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பொதுவாகப் பல்லின் உச்சியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். பல்லைத் தீட்டத் தீட்ட அதன் உயரம் குறையும், திமில் அப்படியே நிற்கும், அப்புறம் பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைக் கடிக்காது. அதற்காகத் திமிலைக் கண்டபடி ராவிவிட்டால் செயின் பாய்ந்து பாய்ந்து கடிக்கும், மிஷின் எகிறும். அளவு பார்க்கும் தகடு ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதை வைத்துத்தான் செய்ய வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு ஓடுகிற செயினை ஒரு நொடி மண்ணில் விட்டால் மறுபடி முதலிலிருந்து.

எண்ணெய் விஷயம் சுருக்கமாக. டூ ஸ்ட்ரோக் கலவை பல மிஷின்களில் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், மிஷினோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. கலந்து மாதக்கணக்கில் வைத்த பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்துவிடும். பாருக்கு, இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் தூள் இருக்கும், செயினில் ஒட்டாமல் சிதறும், சிதறுவதெல்லாம் உங்கள் மேல்தான். வேலை முடிந்ததும் செயினைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கிப் பாரை இறுக்கும்.

பாரின் முனையில் மேல்பக்கக் கால்வாசி எதிலாவது பட்டால் மிஷின் உங்கள் முகத்தை நோக்கி எழும்பும். பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்பது நடக்காது, கண் பார்த்து மூளை புரிந்துகொள்வதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். அதனால்தான் இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும் என்றும், தோளுக்கு மேலே மிஷினைத் தூக்கக் கூடாது என்றும், பார் ஓடுகிற நேர்க்கோட்டில் தலை இருக்கக் கூடாது என்றும் திரும்பத் திரும்பச் சொல்வது. ஏணியில் ஏறி நின்று அறுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். செயின்சாவுக்கென்றே வருகிற கால்சட்டைக்குள் நீள நீளமான இழைகள் அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருப்பார்கள், செயின் பட்டால் அவை உருவிக்கொண்டு வந்து பல்சக்கரத்தில் சிக்கிச் செயினை நிறுத்திவிடும். வெயிலில் புழுங்கும்தான், போட்டுக்கொள்ளுங்கள். காதுக்கும் ஏதாவது வேண்டும், பெட்ரோல் மிஷினின் சத்தம் 100 டெசிபலுக்கு மேலே.

சரி, மரத்துக்கு வருவோம். நிற்கிற மரத்தைச் சாய்ப்பதற்கு முன்னால் நான் அதைச் சுற்றி வருவேன், அப்புறம் தள்ளிப் போய் நின்று மறுபடி பார்ப்பேன். கூலி கொடுப்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை, ஆள் வேலையை ஆரம்பிக்காமல் வேடிக்கை பார்க்கிறான் என்று முகத்தில் தெரியும். பார்க்கட்டும். அடிமரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கிளைகளின் பாரம் வேறு பக்கம் இழுக்கும், மரம் எங்கே விழும் என்பது இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும். தூரில் காளான் முளைத்திருந்தால் உள்ளே அழுகல் என்று அர்த்தம். கோடாரியின் பின்பக்கத்தால் தட்டினால் பொந்து விழுந்த மரம் வேறு மாதிரி சத்தம் கொடுக்கும். மேலே காய்ந்து தொங்குகிற கிளை இருந்தால், நீங்கள் கீழே அறுக்கிற அதிர்விலேயே அது தலையில் இறங்கலாம்.

முன்வெட்டு, விழ வேண்டிய பக்கத்தில், விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் கால்வாசி வரை ஆழம். பின்வெட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே கொண்டுவந்து, இரண்டுக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுக்காமல் விட வேண்டும். 40 சென்டிமீட்டர் மரத்தில் 4 சென்டிமீட்டர். அறுக்காமல் விட்ட இந்தப் பகுதிதான் கதவின் கீல் மாதிரி மரத்தைப் பிடித்துத் திருப்பி, நீங்கள் சொன்ன பக்கம் படுக்க வைக்கிறது. மரம் அசையவில்லையே என்று இதையும் அறுத்துத் தள்ளுகிறவர்கள் உண்டு, அதற்கப்புறம் மரம் எங்கே போக வேண்டும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். அசையாவிட்டால் ஆப்பு அடியுங்கள், பிளாஸ்டிக் ஆப்பாக இருந்தால் செயின் பட்டாலும் பல் போகாது. மரம் நகர ஆரம்பித்ததும் வேடிக்கை பார்க்காமல் பின்பக்கமாகச் சாய்வாக, 45 டிகிரியில் விலகிவிட வேண்டும். நேர் பின்னால் நிற்கக் கூடாது, அடிமரம் பின்னுக்கு உதைக்கும். அந்த வழியைக் கல், முள், சுள்ளி எல்லாம் ஒதுக்கி முன்கூட்டியே சுத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கட்டும்.

பட்டுப்போன மரத்தில் இந்தக் கணக்கு பாதிதான் செல்லும், நாருக்கு வளைகிற குணம் போயிருக்கும், கீல் பட்டென்று முறியும். விழுகிற பக்கமே ரொம்பச் சாய்ந்து நிற்கிற மரம் இன்னும் மோசம், பின்வெட்டு பாதி போகும்போதே அடிமரம் நெடுக்குவாட்டில் பிளந்து, பிளந்த பாதி மேலே எழும்பி அறுக்கிறவரை அடிக்கும். பக்கத்து மரத்தில் சிக்கிக்கொண்டு பாதியில் நிற்கிற மரத்துக்கு அடியில் போகாதீர்கள், தாங்குகிற மரத்தை அறுத்து விடுவிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். மின்கம்பியைத் தொடுகிற மரம், இந்த மூன்று வகை மரம், இவற்றையெல்லாம் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

விழுந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கிடக்கிற மரத்தில் விசை அடைபட்டுக் கிடக்கும். இரண்டு முனையும் எதன் மேலாவது தாங்கி, நடுவில் அந்தரத்தில் இருக்கிற கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கம் அமுங்கிக் கிடக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டுக் கிடக்கும். மேலிருந்தே முழுவதும் அறுத்தால் பாதியில் வெட்டு வாய் மூடிப் பாரைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுங்கள், வெட்டு வாயின் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருங்கள், அது நூலளவு குறுக ஆரம்பித்ததும் மிஷினை வெளியே எடுத்து, மிச்சத்தைக் கீழிருந்து மேல் நோக்கி அறுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் எல்லாம் தலைகீழ், முதல் வெட்டு கீழே. வில்லாக வளைந்து மாட்டிக்கொண்ட இளமரத்தை ஒரே வெட்டாக வெட்டினால் அது நிமிர்கிற வேகத்தில் தாடை போய்விடும். வளைவின் உள்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, விசை தானாக இறங்க விட வேண்டும்.

பெருங்காற்றில் வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னொன்று இருக்கிறது. தண்டை அறுத்து எடுத்ததும் பாரம் போய்விடுவதால் வேர்த்தட்டு, மண்ணோடு சேர்ந்து, தன் குழிக்குள்ளேயே திரும்ப நிமிர்ந்து உட்காரும். ஆளுயர வேர்த்தட்டு அப்படித் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன், அது வரை அந்தக் குழியைச் சுற்றித்தான் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், விரட்டிவிட்டுத்தான் மிஷினையே எடுத்தோம்.

கிளை கழிப்பதில் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். கிளை தண்டோடு சேருகிற இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு புடைப்பு இருக்கும், அதற்கு வெளியே வெட்ட வேண்டும், தண்டோடு ஒட்டச் சீவக் கூடாது. மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னார், 1977ல் அதைப் புத்தகமாகவும் போட்டார்கள். அந்தப் புடைப்பைச் சீவிவிட்டால் மரம் சுவர் எழுப்புகிற இடமே போய்விடும். வெட்டின இடத்தில் தார் பூசுவதும் அழுகலைத் தடுப்பதில்லை, ஆனாலும் பூசச் சொல்லிக் கேட்கிறார்கள்.

இனி தண்ணீர். பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம், எடை போட்டுப் பச்சை விறகு வாங்குகிறவர் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். எரிக்க 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஈர விறகில் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே சூடு போய்விடுகிறது என்பார்கள், கணக்குப் போட்டால் அது மட்டும் அவ்வளவு பெரியதாக வராது. ஒரு கிலோ பச்சை விறகில் பாதி கட்டை, பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: முழுக்கக் காய்ந்த அரைக்கிலோ கட்டையில் சுமார் 9 மெகாஜூல் சூடு இருக்கிறது, அரைக்கிலோ தண்ணீரை ஆவியாக்க 1.3 போதும். நிஜமான நஷ்டம் வேறு இடத்தில். அந்த ஆவி நெருப்பைக் குளிர்த்துவிடுகிறது, விறகிலிருந்து வருகிற வாயுக்கள் பற்றிக்கொள்ளாமல் புகையாக வெளியே போகின்றன, விறகின் சூட்டில் பெரும்பங்கு அந்த வாயுக்களில்தான் இருந்தது. அதே புகைதான் புகைக்கூண்டில் தாராகப் படிந்து, பின்னால் ஒரு நாள் தானே தீப்பிடிக்கும்.

எந்த மரம் நல்ல விறகு என்று கேட்டால், எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த மரங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. வைரம் பாய்ந்த மரம் அதே இடத்தில் அதிக எடை கொள்ளும், அதனால் ஒரு கட்டை நீண்ட நேரம் நின்று எரியும், அவ்வளவுதான்.

காய வைக்க வேண்டுமென்றால் சீக்கிரம் பிளக்க வேண்டும். பட்டை தண்ணீரை வெளியே விடாது, வெட்டு முகங்கள் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறும், ஆகவே குட்டையான துண்டும் பிளந்த துண்டும் வேகமாகக் காயும். பல மரங்கள் பச்சையாக இருக்கும்போதே எளிதாகப் பிளக்கும். முழங்கால் உயர அடிக்கட்டை மேல் வையுங்கள், கோடாரி தவறினாலும் கட்டையில் இறங்கட்டும், காலில் வேண்டாம். பெரிய உருளையை நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டே வாருங்கள், முகத்தில் ஏற்கெனவே விரிசல் ஓடியிருந்தால் அதன் வழியே போங்கள், கணு இருக்கிற பக்கத்தைக் கடைசிக்கு விடுங்கள். கவட்டைக் கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம், மிஷினால் அறுத்துவிடுவது உடம்புக்கு லாபம். கோடாரியின் பின்பக்கத்தைச் சம்மட்டியால் அடிப்பவர்களுக்கு: அது ஆப்பு இல்லை, இரும்புச் சில்லு தெறித்தால் கண்தான் இலக்கு. இரும்பு ஆப்பின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் மாதிரி விரிந்திருந்தாலும் அதே ஆபத்துதான், ராவிவிடுங்கள்.

அடுக்கும்போது தரையில் படாமல் கீழே இரண்டு கட்டை, சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி, மேலே மட்டும் மூடல். முழுக்கத் தார்ப்பாயால் சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். லேசான மரம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம், கெட்டியான மரம் ஒன்றிலிருந்து இரண்டு வருடம், தடிமனையும் காற்றையும் பொறுத்து. முகத்தில் நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்கும், பட்டை கழன்று வரும், இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும். ஈரம் அளக்கும் மீட்டர் இருந்தால் வெளிமுகத்தில் வைக்காதீர்கள், அது எப்போதும் காய்ந்துதான் இருக்கும், ஒரு துண்டைப் பிளந்து உள்முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். மீட்டர் இல்லையா, அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து எடை போட்டு, எடையை அதன் மேலேயே கரியால் எழுதித் திரும்பச் செருகிவிடுங்கள், மாதம் ஒரு தடவை எடுத்துப் போட்டுப் பாருங்கள், எடை இறங்குவது நின்றால் அந்த இடத்தில் அதற்கு மேல் காயாது.

பெயின்ட் அடித்த பலகை, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரம், ஒட்டுப்பலகை எதையும் அடுப்பில் வைக்காதீர்கள். பழைய மருந்து ஏற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கும், எரித்தால் சாம்பலிலும் அது நிற்கும். அரளிக் கட்டையின் புகை நச்சு. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கொஞ்ச காலம் மறைத்துவிடும், அதை அறுக்கவே வேண்டாம் என்பேன்.