மூன்று லிட்டர் ஆவி

புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் பீர் காய்ச்சுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனால் அதை மாப்பிள்ளையிடம் யார் சொல்வது?

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், இருப்பது பாரிஸ் பக்கத்தில். அங்கே தன் குடிப்புக்கு வீட்டிலேயே காய்ச்சிக்கொள்வது ஒரு பொழுதுபோக்கு. இங்கே லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சினால் குற்றம். அரசு வேலையில் ஓய்வு பெற்ற அப்பாவுக்குச் சட்டம் நன்றாகவே தெரியும். மாப்பிள்ளை முகத்துக்கு நேரே சொல்லத்தான் வாய் வரவில்லை. கடைசியில் அக்காவை நடுவில் வைத்துப் பஞ்சாயத்து முடிந்தது. இனிப்பைச் சாராயமாக்கும் ஈஸ்ட் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. ஈஸ்ட் போடாதவரை அது பீர் இல்லை, பார்லித் தண்ணீர். கொதிக்க வைத்துக் காட்டிவிட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்ளட்டும்.

கார்த்திகை மாசம். முத்தியால்பேட்டையில் விட்டு விட்டு மழை. மொட்டை மாடியில் அடுப்பு வைக்க வழியில்லை என்பதால் சமையலறை மாமாவின் வசமானது. வாடகைக்கு எடுத்த அண்டா, கல்யாண வீட்டு பர்னர், ஆன்லைனில் வாங்கிய பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), பெட்டியில் வந்த ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ. மால்ட்டை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டும்வரை வீட்டில் சத்தமில்லை. வடித்த இனிப்புத் தண்ணீர் 20 லிட்டரும் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததும் அம்மா நல்ல எண்ணத்தோடு ஒரு தாம்பாளத்தை எடுத்து அண்டாவை மூடினார்.

“அத்தே, மூடக்கூடாது!”

“மூடினா கேஸ் மிச்சமாகுமே, மாப்பிள்ளை?”

மாமா பொறுமையாக விளக்கினார். மால்ட்டில் இருக்கும் ஒரு பொருள் சூட்டில் டைமெத்தில் சல்ஃபைடாக மாறுமாம். அது ஆவியோடு வெளியே போய்விட வேண்டும். மூடினால் மூடியில் படிந்து திரும்ப உள்ளேயே சொட்டும். அப்புறம் வெந்த முட்டைக்கோஸ் வாடை வரும்.

“முட்டைக்கோஸ்தானே? கொஞ்சம் பெருங்காயம் போட்டா போச்சு” என்றார் அம்மா.

திறந்தே கொதித்தது. அந்த அளவு அண்டாவில் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று லிட்டர் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் பிடிக்கும். மூன்று லிட்டருக்கு 5,000 லிட்டர் ஆவி, பத்துக்குப் பத்து சமையலறையில். போதாததற்கு அடுப்பின் பங்கு வேறு: ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். பாரிஸ் வீட்டில் மாமா அண்டா மூடியிலேயே ஒரு குழாய் வைத்திருக்கிறார். குழாய்க்குள் குளிர்ந்த நீரைத் தூவினால் ஆவி அங்கேயே தண்ணீராகி வாளியில் இறங்கிவிடும். இங்கே எங்களிடம் இருந்தது எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றுதான்.

ஃபேன் வெளியே தள்ள வேண்டுமென்றால் உள்ளே காற்று வர வேண்டும். சாரலுக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. (அடைத்த அறையில் பெரிய பர்னர் எரிவது கார்பன் மோனாக்சைடு விவகாரம். யாரும் செய்து பார்க்காதீர்கள்.) ஃபேன் இருப்பதோ வடகிழக்குச் சுவரில். வாடைக்காற்று அதன் தகடுகளை வெளியிலிருந்து படார் படாரென்று அறைந்து சாத்திக்கொண்டே இருந்தது. வெளியே போக வேண்டிய ஆவி எங்கள் பக்கமே திரும்பியது.

அம்மாவின் மூக்குக்கண்ணாடி முதலில் போனது. பிறகு தினசரி காலண்டர் அட்டை ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. அஞ்சறைப்பெட்டிக்குள் மஞ்சள்தூள் கட்டி தட்டியது. இன்னும் கடன் அடையாத ஃபால்ஸ் சீலிங்கை அக்கா அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். சுவிட்ச் போர்டில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்ததைக் கண்டதும் அப்பா ஓடிப்போய் மெயினை அணைத்தார். எக்ஸாஸ்ட் ஃபேனும் நின்றது. மிச்ச ஆவி நிதானமாக ஹாலுக்கு வந்து சோபாவை மறைத்தது. அதற்குள்ளிருந்து “இன்னும் இருபது நிமிஷம்தான் மாமா” என்று மாப்பிள்ளையின் குரல் மட்டும் கேட்டது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு “பரவாயில்லைங்க மாப்பிள்ளை” என்றார்.

அம்மாதான் வாசல் கதவையும் நேர் எதிரே இருக்கும் தோட்டத்துக் கதவையும் விரியத் திறந்தார். அதுவரை எதிரியாக இருந்த வாடைக்காற்று வாசல் வழியாக நுழைந்து மொத்த ஆவியையும் பின்பக்கமாக அள்ளிக்கொண்டு போனது. இன்ஜினியர் மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. கொசு வந்தது, சரி, அது வழக்கம்தான்.

ஹாப்ஸ் கொதிக்கும் கசப்பு வாசனையும் ஆவியோடு சேர்ந்தே போயிருக்கிறது. சற்று நேரத்தில் பின்வீட்டு ஆயா சொம்போடு வந்து நின்றார்.

“யாருக்குப்பா காய்ச்சல்? நிலவேம்பு வாசனை எங்க வீடு வரைக்கும் வருதே?”

அப்பா முகத்தில் அன்று முதல்முறையாக வெளிச்சம் வந்தது. “யாருக்கும் இல்லீங்க. மழைக்காலமாச்சே, முன்ஜாக்கிரதைக்குத்தான்” என்று சொல்லி, மாமா தடுப்பதற்குள் ஒரு டம்ளர் மொண்டு ஆற்றிக் கொடுத்தார். ஆயா ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“வெல்லம் போட்டீங்களா? இனிப்பு சேர்த்தா மருந்து எப்படி வேலை செய்யும்?”

திட்டிவிட்டு, பேரப்பிள்ளைகளுக்கென்று சொம்பு நிறைய வாங்கிக்கொண்டு போனார்.