அவர் விழுந்தபோது

சேற்றில் அந்த அப்பா வழுக்கி விழுந்ததும் தியேட்டரே சிரித்தது.

மகன் இறந்த செய்தி கேட்டு ஓடிவரும்போதுதான் அவர் விழுகிறார்.

நேற்று சுங்கை சிப்புட்டிலிருந்து அத்தையை ஈப்போவுக்குப் படம் பார்க்கக் கூட்டிப் போயிருந்தேன். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கதை என்றதும் ஆசையாகக் கிளம்பினார்.

அந்த விழுகிற காட்சி டிரெய்லரிலும் இருக்கிறது. அதில் மேளம், ஒரு கோமாளிச் சத்தம், உடனே ஒரு குத்துப்பாட்டு. ஒரு மாதமாகக் கைப்பேசியில் அதைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் படத்திலும் அதே இடத்தில் சிரித்தார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? சிரிக்கப் பழக்கியது டிரெய்லர். அப்புறம் 'மொக்கை, அழுகைப் படம்' என்று வாசலிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். பாவம், அந்தப் படம்.

'யெஸ்டர்டே' பட டிரெய்லரில் வந்த நடிகை படத்தில் இல்லை என்று அமெரிக்காவில் இரண்டு ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். ஆளுக்கு 3.99 டாலர் கொடுத்துப் பார்த்தவர்கள். டிரெய்லரும் விளம்பரம்தான், ஏமாற்றினால் வழக்குப் போடலாம் என்று 2022 டிசம்பரில் நீதிபதி சொன்னார். காசுக்குச் சரி. நேற்று அந்த அரங்கில் தொலைந்துபோன அழுகைக்கு யாரிடம் போய்க் கேட்பது?

அத்தை டிரெய்லர் பார்த்ததில்லை. எங்கள் வரிசையில் அழுதது அவர் மட்டும்தான்.

காரில் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அந்த மனுசன் விழுந்தப்ப ஏன்யா எல்லாரும் சிரிச்சாங்க?"