ஒரே மூன்று வரியை எத்தனை தடவை அடிப்பது

2 மார்ச் 2026, திங்கள்

கோ மொழியில் நிரல் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் பெயரிட்ட நிரல் துண்டைக் கூப்பிட்டால் உடனே பிழை வந்ததா என்று பார்க்க வேண்டும், வந்திருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், அடைப்புக்குறியை மூட வேண்டும். மூன்று வரி. அடுத்த ஃபங்ஷனுக்கு மறுபடியும் அதே மூன்று வரி. புதிதாகக் குழுவில் சேர்ந்திருக்கும் தம்பி என் திரையைப் பார்த்துவிட்டு, "மொழியிலேயே இதுக்கு ஒரு சுருக்கு வழி வைக்கமாட்டாங்களா அண்ணே?" என்று கேட்டான். இப்போதைக்கு இல்லை. பல வருடங்களாக யோசனைகள் வந்துகொண்டே இருந்தன, கடைசியில் 2025 ஜூனில் கோ குழுவே இதற்காகப் புது இலக்கணம் சேர்க்கும் முயற்சியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது.

ஆக, பொறுப்பு நிரல் அடிக்கும் மென்பொருளான எடிட்டரின் தலையில் விழுகிறது. விஎஸ் கோட் என்ற எடிட்டரில் அவனுக்கு ஒரு ஸ்னிப்பெட் எழுதிக் காட்டினேன். மூன்றெழுத்து அடித்து டேப் தட்டினால் மூன்று வரியும் வந்துவிடும். ஆனால் பிழையை அப்படியே திருப்பி அனுப்பும் ஸ்னிப்பெட் எனக்குப் பிடிக்காது. என்னுடையதில் $1 என்ற இடம் பிழைச் செய்தியின் மேற்கோளுக்குள் இருக்கிறது, கர்சர் நேராக அங்கே போய் நிற்கும். என்ன செய்யும்போது பிழை வந்தது என்பதை நானே எழுத வேண்டும், எழுதி டேப் தட்டினால் $0 வழியாக வெளியே வரலாம். மாறாததை எடிட்டர் அடிக்கட்டும், மாறுகிற இடத்தில் கை நிற்கட்டும். நான் பார்த்த ஸ்னிப்பெட் தொகுப்புகளில் பாதி இந்த ஒரு விஷயத்தைக் கவனிப்பதே இல்லை.

4 மார்ச், புதன்

வீட்டுக்குப் போகும் ரயிலில், சிங்கப்பூரின் புவன விஸ்தா நிலையத்தில் ஏறியதிலிருந்து இதே நினைப்பு. ஏஐ உதவியாளர் இருக்கும்போது ஸ்னிப்பெட் எதற்கு என்று தம்பி கேட்டது நியாயமான கேள்விதான். நானும் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது மாறுகிற இடத்தையும் சேர்த்து ஊகித்து நிரப்பிவிடுகிறது, அதனால் ஒவ்வொரு எழுத்தையும் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஸ்னிப்பெட் எப்போதும் ஒரே மாதிரிதான் விரியும், படிக்கத் தேவையில்லை.

7 மார்ச், சனி

சிங்கப்பூர் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) கணக்கை நிரல் சரியாகப் போடுகிறதா என்று பார்க்கும் சோதனைகளை இன்று வீட்டிலிருந்தே முடித்தேன். 2022 வரை 7%, 2023இல் 8%, 2024 ஜனவரி 1 முதல் 9%. பழைய விலைப்பட்டியல்களுக்குக் கழிவு கொடுக்கும்போது பழைய விகிதம் தேவைப்படும் என்பதால் எதையும் தூக்கிப்போட முடியாது. வருடம் மாறும் நாட்கள்தான் முக்கியம்: டிசம்பர் 31க்கு ஒரு வரிசை, ஜனவரி 1க்கு ஒரு வரிசை, அதோடு சில்லறைக் காசு முழுமையாக்கப்படும் தொகைகள் தனியாக.

எக்செலிலிருந்து தேதி, தொகை, வரி என்று காற்புள்ளியோடு வரிசைகள் நீளமாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றையும் கோவின் ஸ்ட்ரக்ட்டாக, அதாவது அடைப்புக்குறிக்குள் சேர்த்து வைத்த தரவாக மாற்ற வேண்டும். இதற்கு விம் என்ற எடிட்டரின் மேக்ரோதான்: தட்டும் விசைகளைப் பதிந்து திரும்ப ஓட்டும் வசதி. க்யூ, ஏ தட்டினால் பதிவு ஆரம்பம். வரியின் தொடக்கத்தில் {" போடு, முதல் காற்புள்ளியைத் தேடு, அதன் முன்னால் இன்னொரு மேற்கோள்குறி போடு, வரிக் கடைசியில் }, போடு, அடுத்த வரிக்கு இறங்கு, க்யூ தட்டி முடி. அப்புறம் 100@ தட்டி ஏ என்றால் வரிசையாக ஓடும்.

நூறு வரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நடுவில் ஓர் அசைவு தோற்றால் மேக்ரோ அங்கேயே நின்றுவிடும். வெற்று வரியில் காற்புள்ளி கிடைக்காது, தானே நிற்கும். அதனால்தான் எட்டு எழுத்து வலப்பக்கம் நகர் என்று பதியாமல் காற்புள்ளியைத் தேடு என்று பதிய வேண்டும். தேதி 1/1/2024 என்று வந்தாலும் 31/12/2023 என்று வந்தாலும் ஒன்றும் ஆகாது. மேக்ரோ பதிவதில் எனக்குத் தெரிந்த ஒரே கலை இதுதான்: இடத்தைத் தூரத்தால் சொல்லாதே, அடையாளத்தால் சொல்.

இதே வரிசைகளை ஏஐயிடமும் கொடுத்துப் பார்த்தேன். 2024 ஜனவரி 1க்கு 8% என்று போட்டது. சோதனையில் எதிர்பார்க்கும் விடையே தவறானால் சோதனை எதற்கு?

12 மார்ச், வியாழன்

மேக்ரோ அளவுக்குப் போகாத வேலைக்கு விம்மில் ஒரு புள்ளி போதும். கடைசியாகச் செய்த மாற்றத்தை அது திரும்பச் செய்யும். ஒரு பெயரைத் தேடி, சி ஜி என் தட்டிப் புதுப் பெயரை அடித்து எஸ்கேப், அப்புறம் புள்ளி புள்ளியாகப் போனால் ஒவ்வொன்றாக மாறும், வேண்டாததை என் (n) விசையைத் தட்டித் தாண்டலாம். புள்ளி, விம்முக்கு முன்னோடியான பழைய வீஐ எடிட்டர் காலத்துச் சொத்து. பிராம் மூலெனார் 1991இல் விம்மை வெளியிட்டு, 2023இல் மறையும் வரை அதைப் பராமரித்தார், உகாண்டா குழந்தைகளுக்கு உதவச் சொல்லி மட்டும் பயனர்களைக் கேட்டார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

17 மார்ச், செவ்வாய்

தம்பி உற்சாகமாகிவிட்டான். என்ஆர்ஐசி எண்ணை, அதாவது சிங்கப்பூர் அடையாள அட்டை எண்ணைச் சரிபார்க்கவும் ஒரு ஸ்னிப்பெட் செய்து கொண்டுவந்தான்: ஏழு இலக்கங்களை 2, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதியை வைத்துக் கடைசி எழுத்தைப் பார்க்கும் அதே துண்டு. நன்றாகத்தான் எழுதியிருந்தான். ஆனாலும் வேண்டாம் என்றேன்.

2022 ஜனவரியில் வெளிநாட்டவர் எண்ணுக்கு எம் வரிசை வந்தபோது நடந்ததைச் சொன்னேன். எங்களுக்குக் கைமாறி வந்த பழைய நிரலில் இந்தக் கணக்கு ஒவ்வொரு படிவத்துக்குள்ளும் தனித்தனியாக ஒட்டப்பட்டிருந்தது. எண் டி, ஜி எழுத்தில் தொடங்கினால் கூட்டுத்தொகையோடு 4 சேர்க்க வேண்டும், எம்முக்கு 3. அந்தச் சின்ன மாற்றத்தை ஒவ்வொரு இடமாகத் தேடித் தேடிச் செய்ய வேண்டியிருந்தது. அடிக்கும் சிரமம் குறைந்தால் ஒட்டும் ஆசை கூடும். அந்தக் கணக்கில் இடத்துக்கு இடம் மாறுவது எதுவுமே இல்லை, கை நிற்க வேண்டிய இடமே இல்லை. அப்படியானால் அது ஒரு ஃபங்ஷன், ஒரே இடத்தில் இருக்க வேண்டியது.

"அப்ப பிழை மூணு வரி மட்டும்தானா அண்ணே?" என்றான். அதோடு சோதனை அட்டவணையின் மாறாத சட்டகமும். இரண்டையும் திட்டத்தின் விஎஸ்கோட் ஃபோல்டரிலேயே போட்டு, நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் சேர்த்தாயிற்று. யார் குளோன் செய்தாலும், அதாவது திட்டத்தைப் பிரதி எடுத்தாலும் கூடவே வரும். என்ஆர்ஐசி ஃபங்ஷனை அவனே எழுதுகிறான், எம் வரிசைக்கான சோதனையை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.